சிங்கபுரத்து அரசர் கொடிவழி – 7: ஏடு எழுதியவரின் முன்னோர்

சென்ற வாரம் பலெம்பாங்கின் புக்கிட் சிகுந்தாங் குன்றில் நின்றோம். வான் எம்போக், வான் மலினி என்ற இரண்டு கைம்பெண்களின் மலைநெல் ஓர் இரவில் பொன்னாக மாறியது. மூன்று இளவரசர்கள் குன்றிலிருந்து இறங்கி வந்தார்கள். வெள்ளி நிறக் காளை ஒன்று நுரை கக்க, அந்த நுரையிலிருந்து எழுந்த ஒருவன் வாழ்த்துப் பாடினான்.

அந்த வாழ்த்தோடு அரியணை ஏறியவர் ஸ்ரீ திரி புவனா. பின்னாளில் துமாசிக் கரையில் இறங்கி, அதற்குச் சிங்கபுரம் என்று பெயரிட்டவரும் அவரே.

அவருடைய கொடிவழியை மலாய் அரசர்களின் வரலாற்று ஏடான ‘செஜாரா மெலாயு’ மூன்று வேர்களில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒரு வேர், மாமன்னன் அலெக்சாந்தராகிய இஸ்கந்தர் சுல்கர்னைன். இன்னொன்று, கலிங்கத்து ராஜா சூலன். மூன்றாவது, கண்ணாடிப் பேழைக்குள் அமர்ந்து கடலடிக்குப் போன அந்த ராஜா சூலன் அங்கே மணந்த கடலரசன் மகள். மலாய் ஏடுகளில் கலிங்கம் என்று வருவது பெரும்பாலும் தென்னிந்தியக் கரை முழுவதையும் குறிக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன்.

சூலன் என்ற பெயரைப் பார்த்ததும் நம்மவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அப்படியானால் சிங்கப்பூரின் முதல் அரசர் சோழர் வழியில் வந்தவரா?

ராஜேந்திர சோழனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது 1025ஆம் ஆண்டு வாக்கில். அந்த வெற்றியைப் பாடும் மெய்க்கீர்த்தியில் கடாரம் இருக்கிறது, பண்ணை இருக்கிறது, மலையூர் இருக்கிறது, இலாமுரிதேசம் இருக்கிறது. துமாசிக் இல்லை. சூலன் என்பது அந்தப் படையெடுப்பின் நினைவு என்று ஏற்கலாம். பிறப்புச் சான்று என்று ஏற்க முடியாது.

கொடிவழி ஒன்றைக் கையில் எடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இதை எழுதியவர் யார்? எழுதும்போது அவர் எதை இழந்திருந்தார்?

* * *

பாசிர் ராஜா, 1612

மலாக்கா போர்த்துக்கீசியர் கைக்குப் போய் நூறாண்டு கடந்துவிட்டது. அரச குடும்பம் ஜொகூர் ஆற்றின் கரைகளில் இடம் மாறி மாறித் தலைநகர் அமைத்து வாழ்கிறது. ஒரு பக்கம் மலாக்காவில் போர்த்துக்கீசியர். மறுபக்கம் சுமத்ராவின் முனையில் ஆச்சே.

அந்த நெருக்கடியில்தான் ஓர் ஆணை பிறக்கிறது. மலாய் அரசர்களின் வரலாற்றையும் வழக்காறுகளையும் வருங்கால மக்களுக்காக எழுதி வைக்க வேண்டும் என்பது ஆணை. பிறப்பித்தவர் சுல்தானின் தம்பி ராஜா அப்துல்லா. நாள், ஹிஜ்ரி 1021 ரபியுல் அவ்வல் 12. நம் கணக்கில் 1612 மே மாதம்.

முன்னுரை ஒரு தகவலைச் சொல்கிறது. கோவாவிலிருந்து மலாய் வரலாற்று ஏடொன்று கொண்டுவரப்பட்டிருந்தது. பகைவரின் கிழக்குத் தலைநகரிலிருந்து தம் குலத்தின் கதை திரும்பி வருகிறது. அதைத் திருத்தி முழுமையாக்கும் பொறுப்பு, முன்னுரையின் விரிவான வடிவத்தின்படி, பெண்டஹாராவிடம் வந்து சேர்கிறது.

பெண்டஹாரா என்றால் சுல்தானுக்கு அடுத்த நிலையில் இருக்கும் தலைமை அமைச்சர். அவர் பெயர் துன் முகம்மது. வீட்டில் செல்லமாக அழைத்த பெயர் துன் ஸ்ரீ லானாங். அவர் நூலை இயற்றினாரா, பழைய ஏட்டைத் தொகுத்தாரா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். என் வாசிப்பில், நூல் முழுவதும் ஒரு பெண்டஹாரா குடும்பத்தின் கண் விழித்திருக்கிறது.

அரசர்களின் கொடிவழியைத் தொடங்கும் முன், அந்த முன்னுரை எழுதியவரின் கொடிவழியை அறிவிக்கிறது. இன்னார் மகன். இன்னார் பேரன். கொள்ளுப்பாட்டன் பெண்டஹாரா துன் நாராவங்சா. எள்ளுப்பாட்டன் பெண்டஹாரா ஸ்ரீ மகாராஜா. அவருக்குத் தந்தை ஸ்ரீ நாரா திராஜா துன் அலி.

துன் அலிக்குத் தந்தை?

பகிண்டா மணி புரிந்தன். கலிங்கத்திலிருந்து வந்தவர்.

* * *

மீன் முதுகில் கரை சேர்ந்தவர்

மணி புரிந்தனை நூலே நமக்கு அறிமுகம் செய்கிறது. கலிங்கத்தில் பாஹிலி என்ற நாட்டு அரசரின் மகன் அவர். கப்பலேறிக் கிழக்கே வருகிறார். சுமத்ராக் கரைக்கு அருகே புயல். கப்பல் உடைகிறது. கடலில் விழுந்தவரை ஓர் ஆலு-ஆலு மீன் முதுகில் சுமந்து கரை சேர்க்கிறது. கரையில் அவர் கைக்குப் பற்றுக்கோடாகக் கிடைத்தது கந்தசூலிச் செடி. அதனால் தம் வழிவந்தோர் அந்த மீனை உண்ணக் கூடாது, அந்தப் பூவைச் சூடக் கூடாது என்று விலக்கு வைக்கிறார்.

சுமத்ராவின் பாசாய் அரசர் அவருக்குப் பெண் கொடுக்கிறார். அவர் ஊர் திரும்பி, மறுபடி ஏழு கப்பல்களோடு மலாக்கா வருகிறார். ஏழு கப்பல்கள் என்பதைக் கவனியுங்கள். மலாக்கா வளர்ந்துகொண்டிருந்த பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பாதி அது. குஜராத்தியரும் தமிழரும் வங்காளிகளும் சீனரும் பருவக்காற்றுக்காகக் காத்துக் கிடந்த துறைமுகம். ஏழு கப்பல்களோடு வருபவர் அரச குமாரனோ இல்லையோ, பெருஞ்செல்வர்.

அப்போது மலாக்காவில் ஸ்ரீ நாரா திராஜா என்ற பட்டம் தாங்கியவர் தம் மகள் துன் ரத்ன சுந்தரியை அவருக்கு மணமுடிக்கிறார். இரண்டு பிள்ளைகள். மகன் துன் அலி. மகள் துன் வாத்தி.

துன் வாத்தியை சுல்தான் முகம்மது ஷா மணக்கிறார். பிறந்தவர் ராஜா காசிம். அரசருக்கு மற்றொரு மனைவி, ரோக்கான் அரசர் குலப் பெண். அவளுக்குப் பிறந்தவர் ராஜா இப்ராஹிம். தந்தை இறந்ததும் அரியணை இப்ராஹிமுக்குப் போனது. சிறுவனின் பெயரில் ஆண்டவர் ரோக்கான் அரசர். காசிமோ அரண்மனையிலிருந்து விலக்கப்பட்டு மீன் பிடித்து விற்றுப் பிழைத்தார் என்கிறது நூல்.

பிறகு ஓர் இரவு. துன் அலி தம் சகோதரி மகனுக்குத் துணை நின்றார். காசிமை யானை மீது ஏற்றி அரண்மனைக்குள் நுழைந்தார்கள். ரோக்கான் அரசர் கொல்லப்பட்டார். சாகும் முன் அவர் சிறுவன் இப்ராஹிமைக் குத்திவிட்டுச் செத்தார்.

காசிம், சுல்தான் முசாஃபர் ஷா ஆனார். மலாக்காவின் பெருமைக் காலம் அங்கே தொடங்குகிறது.

அந்த இரவுக்குப் பிறகு மலாக்கா அரியணையில் அமர்ந்த ஒவ்வொருவரும் கலிங்கத்திலிருந்து வந்த அந்த வணிகப் பெருமகனின் மகள்வழி வாரிசு. தமிழர்கள் இந்தக் கொடிவழியில் பெருமைப்பட ஒன்றைத் தேடினால், ஆவணத்தின் பலம் அதிகம் இருப்பது இங்கேதான். பேரரசனின் படையெடுப்பைவிடக் கப்பல் வணிகர் ஒருவரின் திருமணம் இந்த அரச மரபை ஆழமாக மாற்றியது.

* * *

தாய்மாமன்

துன் அலியின் மகன் துன் முத்தாஹிர். முன்னுரை ‘பெண்டஹாரா ஸ்ரீ மகாராஜா’ என்று குறிப்பிடும் எள்ளுப்பாட்டன் இவர்தான். அவருடைய சகோதரி துன் செனாஜா சுல்தான் அலாவுதீனை மணந்து பெற்ற மகன், மலாக்காவின் கடைசி சுல்தானான மஹ்மூத் ஷா. ஆக, பெண்டஹாரா துன் முத்தாஹிர் சுல்தானுக்குத் தாய்மாமன்.

துன் முத்தாஹிருக்குத் துன் பாத்திமா என்றொரு மகள். பேரழகி. அவளை முதலில் அரசனுக்குக் காட்டாமல் வேறொருவருக்கு மணமுடித்துவிட்டார் தந்தை. திருமண நாளில் அவளைக் கண்ட சுல்தானின் மனத்தில் வஞ்சம் விழுந்தது. அது அங்கேயே கிடந்தது.

1510. இரண்டு கலிங்கத்து வணிகர்களுக்குள் வழக்கு. ஒருவர் வணிகர் தலைவர் நைனா சுரதேவானா. மற்றவர் துறைமுக அதிகாரியான ஷாபந்தர் ராஜா முதலியார். வழக்கைப் பெண்டஹாரா விசாரிக்க வேண்டும். முதல் நாள் இரவே நைனா சுரதேவானா பத்துக் கட்டிப் பொன்னோடு பெண்டஹாரா வீட்டுக்குப் போனார். பெண்டஹாரா வாங்கிக்கொண்டார். தம் குலத்துப் பெரியவரைப் பற்றி எழுதும்போதும் நூல் இதை மறைக்கவில்லை. அதற்காகவே இந்த ஏட்டின் மீது எனக்கு மதிப்பு.

கித்தூல் என்றொருவன் இருந்தான். நைனா சுரதேவானாவின் உறவினன், ராஜா முதலியாரிடம் கடன்பட்டவன். அன்றிரவே ராஜா முதலியாரின் கதவைத் தட்டினான். உங்களைக் கொல்லப் பொன் கைமாறிவிட்டது என்றான். கடன் தள்ளுபடி ஆனது.

உயிருக்கு அஞ்சிய ராஜா முதலியார், பொன்னும் மணியுமாக அள்ளிக்கொண்டு தளபதி லக்சமானா கோஜா ஹசனிடம் ஓடினார். பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்று சொன்னார். லக்சமானா அதை சுல்தானின் காதில் போட்டார்.

சுல்தான் விசாரிக்கவில்லை. பழைய வஞ்சம் விசாரணைக்கு இடம் வைக்கவில்லை.

இரண்டு பெருமக்கள் அரசனின் கிரிஸ் கத்தியோடு பெண்டஹாராவின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வீட்டில் ஆட்கள் திரண்டார்கள். மகன் துன் ஹசன் தெமெங்கோங் எதிர்த்து நிற்கத் துடித்தார். கூட்டமும் அவர் பக்கம். ஒரு சொல் போதும், மலாக்கா அன்றே இரண்டாகியிருக்கும்.

அந்தச் சொல்லைத் துன் முத்தாஹிர் சொல்லவில்லை. நம் குடும்பம் அரசனுக்குத் துரோகம் செய்தது என்ற பெயர் வரக் கூடாது என்று மகனைத் தடுத்தார். ஆயுதங்கள் கீழே விழுந்தன. தந்தையும் மகனும் உறவினரும் கொல்லப்பட்டார்கள். துன் பாத்திமாவின் கணவரும் அவர்களில் ஒருவர். அவளை சுல்தான் மணந்துகொண்டார்.

பிறகுதான் விசாரணை. குற்றம் எதுவும் இல்லை என்று தெரிந்தது. ராஜா முதலியார் கொல்லப்பட்டார். கித்தூல் கழுவேற்றப்பட்டான். லக்சமானாவின் சொத்து பறிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க்கின் படை மலாக்காவைப் பிடித்தது.

* * *

குன்றில் நடந்த உடன்படிக்கை

இதைத் தெரிந்துகொண்டு, சென்ற வாரம் பார்த்த பலெம்பாங் காட்சிக்குத் திரும்புங்கள்.

ஸ்ரீ திரி புவனாவுக்குப் பெண் கொடுக்கும் முன் பலெம்பாங் தலைவர் டெமாங் லேபார் டாவுன் ஒரு நிபந்தனை வைக்கிறார். என் வழிவந்த குடிமக்கள் எவ்வளவு பெரிய குற்றம் செய்தாலும் அவர்களை இழிவுபடுத்தக் கூடாது, தண்டனையும் முறைப்படி இருக்க வேண்டும் என்கிறார். ஸ்ரீ திரி புவனா ஏற்றுக்கொண்டு, பதிலுக்கு ஒன்று கேட்கிறார். அரசன் கொடியவனே ஆனாலும் குடிகள் துரோகம் செய்யக் கூடாது. டெமாங்கும் ஏற்கிறார்.

மலாய் அரசியல் சிந்தனையின் அடித்தளம் என்று அறிஞர்கள் இந்த உரையாடலைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் துன் முத்தாஹிரின் வீட்டு முற்றம் தெரிகிறது. குடிகள் தம் பங்கை உயிர் கொடுத்து நிறைவேற்றினார்கள். அரசன் நிறைவேற்றவில்லை. உடன்படிக்கையை மீறினால் அரசு அழியும் என்று குன்றின் காட்சி எச்சரிக்கிறது. 1511இல் அழிந்தது.

அரசர்களின் கொடிவழியை அலெக்சாந்தர் வரைக்கும் உயர்த்திய அதே எழுத்து, அந்த அரசர்கள் யாரிடம் எந்த வாக்குக் கொடுத்து ஆளத் தொடங்கினார்கள் என்பதையும் பதிவு செய்துவிட்டது. கொல்லப்பட்ட பெண்டஹாராவின் எள்ளுப்பேரன் வேறெப்படி எழுதியிருப்பார்?

கொடிவழியை வானத்தில் தொடங்குவது மலாய் வழக்கம் மட்டுமில்லை. ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர்களைச் சூரியனிலிருந்து தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் 1249இல் எட்டு வயது நிரம்பாத மூன்றாம் அலெக்சாந்தர் ஸ்கோனில் முடிசூடியபோது, மலைநாட்டுப் பாணர் ஒருவர் மண்டியிட்டு அவனுடைய முன்னோர் பெயர்களைக் கேலிக் மொழியில் ஓதினார். எகிப்து மன்னன் ஃபாரோவின் மகள் ஸ்கோட்டா வரை போனது அந்தப் பட்டியல். 1301இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு ஸ்காட்லாந்தைத் தனக்குச் சொந்தம் என்றபோது, போப்பின் முன் ஸ்காட்லாந்தின் வழக்கறிஞர்கள் அந்த ஸ்கோட்டாவையே வாதமாக வைத்தார்கள். நாடு பறிபோகும் நிலையில் கொடிவழி ஆயுதமாகிவிடுகிறது. ஜொகூரிலும் அதுவே நிகழ்ந்தது.

* * *

காலாங் ஆற்றின் மக்கள்

துன் ஸ்ரீ லானாங்குக்கு நூறாண்டு முன்னால் மலாக்காவில் உட்கார்ந்து வேறொருவர் இதே பெருமக்களின் பிறப்பைப் பற்றி எழுதினார். போர்த்துக்கீசிய மருந்து வணிகர் தோமே பிரேஸ். காலம் 1512 முதல் 1515 வரை.

பிரேஸ் சொல்லும் கதையில் பொன் நெல் இல்லை, கடலடி அரசு இல்லை. பலெம்பாங்கிலிருந்து தப்பிய பரமேஸ்வரா சிங்கப்பூருக்கு வருகிறார். தமக்கு இடம் கொடுத்த தலைவனைக் கொன்று சுமார் ஐந்து ஆண்டு ஆள்கிறார். பிறகு துரத்தப்படுகிறார். அவரோடு கூடவே வந்தவர்கள் செலாத்தேக்கள், அதாவது நீரிணைகளில் படகில் வாழ்ந்த கடல் மக்கள். மலாக்காவில் குடியேற இடம் கண்டு சொன்னவர்களும் அவர்களே. அதற்குப் பரிசாகப் பரமேஸ்வரா அவர்களைப் பெருமக்களாக உயர்த்தினார். மலாக்காவின் உயர்குடிகள் அவர்கள் வழியில் வந்தவர்கள் என்கிறார் பிரேஸ்.

துன் ஸ்ரீ லானாங்கின் முன்னுரையோ தம் இனத்தின் வேரை புக்கிட் சிகுந்தாங்கில் வைக்கிறது. படகு மக்களைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

இந்த இடத்தில் நம் ஊரான சிங்கப்பூருக்கு வர வேண்டியிருக்கிறது. ஜாலான் புசார் ஒரு முனையில் ரோச்சோர் கால்வாயைத் தொடுகிறது. மறுமுனையில் லாவண்டர் ஸ்ட்ரீட்டைத் தாண்டி நடந்தால் காலாங் ஆறு. இடைப்பட்ட நிலம் ஒரு காலத்தில் சதுப்பு. 1819இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது காலாங் ஆற்று முகத்தில் ஓராங் பிடுவாண்டா காலாங் என்ற கடல் மக்கள் படகுகளில் வாழ்ந்தார்கள். தீவில் அப்போது இருந்த ஏறத்தாழ ஆயிரம் பேரில் பாதிப் பேர் அவர்கள். பிடுவாண்டா என்றால் அரச ஊழியர். தரை தொடாமல் வாழ்ந்த மக்கள் அந்தப் பட்டத்தை வைத்திருந்தார்கள்.

பிரேஸின் சொல்லுக்கு இதைவிட நெருக்கமான துணைச்சான்று நம் காலடியில் வேறில்லை. அவர்களும் நெடுநாள் இங்கே நிற்கவில்லை. பிரிட்டிஷார் வந்ததும் தீவின் மலாய்த் தலைவரான தெமெங்கோங் அவர்களை ஜொகூரின் பூலாய் ஆற்றுக்கு இடம் மாற்றினார். அங்கே அம்மை நோய் அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது.

அவர்கள் விட்டுப் போன ஆற்றை அடுத்த சதுப்பைத் தூர்த்து எழுந்த தெருக்களுக்கு முதல் உலகப் போரின் பெயர்கள் வந்தன. கிச்சனர் சாலை, பெட்டைன் சாலை, வெர்டன் சாலை. பிரெஞ்சு மார்ஷல் ஒருவரின் பெயர் நாளும் உச்சரிக்கப்படுகிறது. அந்த நீரில் பிறந்தவர்களின் தலைவன் ஒருவனுடைய பெயரைக்கூட இந்தத் தெருக்கள் தாங்கவில்லை. இது எனக்கு வலிக்கிறது. அரசர்களின் கொடிவழியை எழுதுபவர்கள் விட்டுவிட்ட மக்களை ஊரும் விட்டுவிட்டது.

* * *

மறுபடி ஒரு தமிழர்

நூல் எப்படி நம் கைக்கு வந்தது? எழுதிய ஆணையின் மை உலரும் முன்பே, 1613இல், ஆச்சே படை ஜொகூரின் தலைநகர் பத்து சாவாரை அழித்தது. ராஜா அப்துல்லாவும் துன் ஸ்ரீ லானாங்கும் ஆச்சேவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். துன் ஸ்ரீ லானாங் ஆச்சேவின் சமலாங்காவில் தலைவராக இருந்து அங்கேயே மறைந்தார்.

இருநூறு ஆண்டு கழித்து இந்த நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஜான் லெய்டன். ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத்தில் பிறந்தவர். வால்டர் ஸ்காட்டுக்கு எல்லைப்புறக் கதைப்பாடல்களைத் திரட்டிக் கொடுத்தவர். 1803இல் மருத்துவராகச் சென்னைக்கு வந்து, பினாங்கில் ராஃபிள்ஸின் நண்பரானார். 1811இல் ஜாவாவின் பத்தாவியாவில் காய்ச்சலில் இறந்தார். மொழிபெயர்ப்பு 1821இல் ராஃபிள்ஸின் முன்னுரையோடு லண்டனில் வெளிவந்தது.

லெய்டனுக்கு மலாய் ஏட்டில் துணை நின்றவர் ராஃபிள்ஸின் முன்ஷி, அதாவது எழுத்தர், இப்ராஹிம். சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய சகோதரர் அகமது ரிஜாலுதீன் வங்காளத்தைப் பற்றி மலாயில் பயண நூல் எழுதியவர்.

மணி புரிந்தனின் வழிவந்தவர் பெயரில் நிற்கும் ஏடு, இன்னொரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையின் துணையோடு ஸ்காட்லாந்துக்காரரின் கைக்குப் போனது. பழைய சிங்கபுரத்தின் இடம் எது என்று ராஃபிள்ஸ் அறிந்தது மலாய் ஏடுகளால்தான்.

* * *

இனி அடுத்த முடிச்சு.

சீனத்து மிங் அரசவைப் பதிவுகளில் மலாக்காவின் முதல் மூன்று அரசர்கள் தெளிவாக இருக்கிறார்கள். 1411இல் பரமேஸ்வரா மனைவி மக்களோடும் ஐந்நூறுக்கு மேற்பட்ட பரிவாரத்தோடும் நேரில் போகிறார். 1414இல் மகன் மெகாட் இஸ்கந்தர் ஷா போய்த் தந்தை இறந்த செய்தியைச் சொல்கிறார். 1424இல் மூன்றாமவர் ஸ்ரீ மகாராஜா. இவர்கள் மூவரும் வெவ்வேறு ஆட்கள் என்று 1968இல் வரலாற்றாசிரியர் வாங் குங்வு விரிவாக வாதிட்டார்.

‘செஜாரா மெலாயு’வில் சிங்கபுரத்தை இழந்து மலாக்காவை நிறுவுபவர் இஸ்கந்தர் ஷா ஒருவரே. தப்பி ஓடிய தந்தையும் அவருக்குப் பின் ஆண்ட மகனும் அங்கே ஒரே ஆள்.

தம் ஆறு தலைமுறையையும் பெயர் பிசகாமல் எழுதத் தெரிந்த குடும்பம் அது. தோமே பிரேஸின் காதுக்கு எட்டிய பரமேஸ்வராவின் பெயர் அவர்கள் காதுக்கு எட்டாமல் போயிருக்காது. பிறகு ஏன் மலாக்காவை நிறுவிய அரசனையே கொடிவழியிலிருந்து எடுத்தார்கள்? அவர் சிங்கபுரத்தில் செய்த எந்தச் செயலை மறைக்க?

(தொடரும்)